அவர் கால் அசைந்த நாள்

சென்ற குளிர்காலத்தில், டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஸ்கூட்டர் விபத்தில் என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உறவெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கம். பக்கத்து வீட்டார் விசாரித்தால், "டீக் ஹை", எல்லாம் சரிதான் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு காலையில், அவர் உடம்பைத் துடைத்துவிடப் போர்வையை விலக்கினேன். வலது கால் வெடுக்கென்று மடங்கி உதறியது. என் சின்ன மகள்தான் முதலில் கத்தினாள். "அம்மா, அப்பா கால் ஹில் ரஹா ஹை!"

நான் யோசிக்கவே இல்லை. ஊரிலிருக்கும் மாமியாருக்குப் போன் செய்துவிட்டேன்.

"அத்தை, அவருக்குக் கால் அசையுது!"

அழுகையும் சிரிப்புமாகப் பதில் வந்தது. "பிள்ளையார் கைவிடலைடி. இன்னைக்கே சிதறுகாய் போட்டுடறேன்."

என் கணவர் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் பிசியோதெரபிஸ்ட் வந்தார். என் கணவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கால்விரலைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். இவரால் சொல்ல முடியவில்லை. அசைக்கச் சொன்னார். அசையவில்லை. பிறகு என்னிடம் ஹிந்தியில் பொறுமையாக விளக்கினார். மூளையின் கட்டளை காலுக்குப் போகவில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே நரம்புகள் தாமாகவே காலை இழுக்கின்றன. இது குணமாவதன் அறிகுறி இல்லை. உதறும்போது முரட்டுத்தனமாக அழுத்தாமல், மெல்லப் பிடித்துத் தளரும்வரை காத்திருங்கள் பாபிஜி என்றார்.

அவர் போனதும் கணவரிடம் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் சொன்னார். நீ மருந்து வாங்கப் போயிருந்தே."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"அடிபட்டதுலேர்ந்து நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கலை."

அதற்குள் போன் அடித்தது. மாமியார்தான். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். அவசரப்பட்டுச் சொன்னவள் நான். மாற்றிச் சொல்லும் தைரியம் இல்லை. அவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, அது தானா உதறுது. நான் அசைக்கலை."

போனிலிருந்து அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. "சரிப்பா. போட்ட காய் போட்டதாவே இருக்கட்டும். சாப்பிட்டியா?"

இப்போதும் அவர் கால் உதறும். கையை வைத்துக் காத்திருப்பேன். அது தளரும்வரை இது அவரே அசைத்ததாக இருக்கக் கூடாதா என்று எனக்குள் ஓர் ஆசை எட்டிப்பார்க்கும். அதை இப்போதெல்லாம் யாருக்கும் போன் செய்து சொல்வதில்லை, அவரிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.