மீன்வாடிக்குப் போன மதுவம்

யாரையும் நம்பாத குணம் எனக்கு. அதனால்தான் விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தபோது, கண்டியில் நான் ஆய்வு செய்துகொண்டிருந்த மதுவத்தையும் கையோடு கொண்டுவந்தேன். பாண் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். ஆனால் இது என் இரண்டு வருட உழைப்பு. கலம், அதாவது செல், பிரியும்போது நிறமூர்த்தங்கள் என்கிற குரோமோசோம்கள் சரியாகப் பங்குபடக் காவல் நிற்கிற இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் மட்டுமே இது வளரும். பிடிக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகும். எத்தனையோ ஆய்வுத் தட்டுகளில் இரண்டில்தான் வளர்ந்திருந்தது.

வந்த நான்காம் நாள் சண்டை தொடங்கியது. இராணுவம் கண்டிப் பாதையைப் பூட்டியது. கரண்டும் போக, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் அலுமாரியாகிவிட்டது. வெக்கையில் பூஞ்சணம் பிடித்தால் இரண்டு வருடமும் போச்சு. துறைமுகப் பக்கம் மீனை ஐஸில் போட்டு விற்கிற மீன்வாடி வைத்திருந்த கிண்ணியா முஸ்லிம் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றுதான் கூப்பிடுவோம். ஜெனரேட்டர் இருந்ததால் அவரிடம் ஐஸ் இருந்தது. தட்டுகளை தெர்மோகோல் மாதிரியான ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் வைத்து, மனமில்லாமல் அவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், மேல் தட்டில் ஐஸ் படவில்லை என்று மனிதர் அதை எடுத்து ஐஸ்கட்டி உறைய வைக்கிற அறைக்குள் வைத்திருக்கிறார். மீனுக்கு எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லதல்லவா! தட்டு கல்லாகிக் கிடந்தது.

"இது மீனோ நானா? உயிருள்ள சாமான்! சாகடிச்சுப்போட்டீங்களே!" வாடியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. "தெரியாமப் போச்சு தங்கச்சி. மிச்சத்தை எப்பிடி வைக்கணும் எண்டு சொல்லித்தாங்க" என்றார்.

அதன்பின் தினமும் போனேன், சந்தேகத்தோடுதான். எஞ்சிய தட்டை ஐஸ் நேரே படாமல் தன் துவாய்த் துண்டில் சுற்றி வைத்திருப்பார். ஒருநாள் அது என்னதான் செய்யும் என்று கேட்டார். ஒவ்வொரு நிறமூர்த்தச் சோடியையும் இரண்டு பக்கமும் கயிறு மாதிரி நார்கள் பிடித்த பிறகுதான் கலம் பிரியும் என்றேன்.

"ஒண்டு பிடிபடாட்டி?"

"அது பிடிபடுமட்டும் முழுக் கலமும் நிக்கும் நானா. நில் எண்டு சொல்லுறதுதான் இந்த ரெண்டு புரதத்தின்ர வேலை."

"ஒண்டுக்காக முழுதும் நிக்குமோ!" கையிலிருந்த மீனை மறந்து நின்றார்.

சண்டை தொடங்கிப் பத்தாம் நாள் பாதை திறந்தது. பஸ் இல்லை. கண்டிக்குப் போகிற தன் மீன் லொறியில் நானாவும் போவதால் என்னை அனுப்ப அப்பா சம்மதித்தார். காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுவதாகப் பேச்சு. ஆறு மணிக்கு இராணுவம் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்து, வீடு வீடாகச் சோதனை. போனும் வேலை செய்யவில்லை. எங்களை விடும்போது ஒன்பதரை. லொறி போயிருக்கும், பெட்டி எந்த மூலையில் கிடக்கிறதோ என்று மனதுக்குள் நானாவை ஏசிக்கொண்டே வாடிக்கு ஓடினேன்.

மற்ற லொறிகள் எல்லாம் போய்விட்டன. அவருடையது மட்டும் நின்றது. கீழே ஐஸ் தண்ணீர் ஓடியது. சாரதி என்னைக் கண்டதும் முறைத்தான். முன் சீற்றில் மடியில் பெட்டியோடு நானா இருந்தார்.

"ஏன் நானா நிண்டனீங்கள்? மீன் பழுதாகுதெல்லோ!"

"ஒண்டு வந்து சேராம எப்பிடித் தங்கச்சி வெளிக்கிடுறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஏறச் சொன்னார். கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மீனில் பாதி பழுதாகியிருந்தது. அவர் மடியில் வந்த மதுவம் உயிரோடு இருந்தது.