தம்பி மகளுக்காக நான் படித்த புத்தகம்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்னவள். பாதி மறந்தும் போச்சு. பிள்ளை வளர்க்கிறவங்க படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் சொல்லுங்கன்னு எங்க தெரு பால்வாடி டீச்சர் கேட்டாங்க. நாலு பேர் முன்னாடி பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

சுனாமியில் தேவனாம்பட்டினத்தில் என் தம்பி பெண்டாட்டி போயிட்டாள். மகளுக்கு அப்போ ரெண்டரை வயசு. தம்பி படகுக்குப் போறவன். பிள்ளையை முதுநகரில் எங்க வீட்டில் கொண்டுவந்து விட்டான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்.

அவள் என் முந்தானையை விடவே மாட்டாள். நான் பாத்ரூம் போனாலும் வெளியே நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாள். அழுதால் தெருவில் யாராவது, "அழுவாத, கடல் வந்துடும்" என்பாங்க. முன்னே பூச்சாண்டியைச் சொல்லி மிரட்டின ஊர்தான். சுனாமிக்கு அப்புறம் பூச்சாண்டியை விட்டுட்டுக் கடலைப் பிடிச்சுக்கிட்டாங்க. கெட்ட எண்ணத்தில் சொல்லலை. சொன்னதும் பிள்ளை வாயை மூடிக்கும், அதுக்குத்தான். அவளும் மூடிக்குவாள். ஆனால் குளிக்கத் தண்ணி மொண்டால் நடுங்குவாள்.

தம்பிக்குப் பொறுக்கலை. "அக்கா, நீ செல்லம் குடுத்துக் கெடுக்குற. பள்ளிக்கூடம் சேக்குற வயசு வரட்டும். அப்பவும் இப்படி அழுதான்னா ஹாஸ்டல்ல போட்டுடுவேன். கண்டிப்பு இருந்தாதான் சரியா வருவா," என்றான். பெத்தவன் அவன். நான் என்ன சொல்ல முடியும்? ஒரு தடவை தாயை விட்ட பிள்ளை, இன்னொரு தடவை என்னையும் விட்டால் என்ன ஆவாள்னு எனக்குப் பயம்.

பஸ் ஏறிச் சிதம்பரம் போய், அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று டாக்டரம்மா கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிடலாமான்னு பார்த்தேன். வீட்டுக்காரர் முந்திக்கிட்டு, "மளிகை கட்டிவர பேப்பரக்கூட விடமாட்டா" என்றார். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே ஒரு மெல்லிசான தமிழ்ப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாங்க. அடிக்காமல், மிரட்டாமல், பிள்ளையை அணைச்சு வளர்க்கிறதைப் பத்தினது. படிக்கிறதுக்குன்னு சிதம்பரத்திலேயே ஒரு கண்ணாடியும் வாங்கினோம்.

பஸ்ஸிலேயே அவர் ஆரம்பிச்சுட்டார். "புள்ள வளக்கப் புஸ்தகமா? கோழி எந்தப் புஸ்தகத்தப் படிச்சிட்டுக் குஞ்ச வளக்குது?" பின் சீட்டில் ஒரு அம்மா சிரிச்சாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மத்தியானத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சத்தமாகப் படிச்சால்தான் எனக்கு ஏறும். அவள் மடியில் உக்காந்து, கதைன்னு நினைச்சு, "அப்புறம்?" என்பாள். எனக்கு விளங்கினது இவ்வளவுதான். ஒட்டிக்கிற பிள்ளையைப் பிச்சு எடுக்காதே. ஆசை தீர ஒட்டவிட்டால் அதுவே ஒருநாள் தள்ளிப் போய் விளையாடும். இன்னொண்ணு, ஏமாத்திட்டுப் போகாதே.

இது எங்க தெருவுக்கே இல்லாத வழக்கம். எங்கள் பக்கம் "அதோ காக்கா பாரு" என்று காட்டிட்டு, பிள்ளை திரும்பறதுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டு நழுவறதுதான். நான் சொல்லிட்டுப் போக ஆரம்பிச்சேன். "மீன் வாங்கப் போறேன்டி. வாங்கிக்கிட்டு வந்துடுவேன். அழணும்னா அழு." கண்ணாடியைக் கூட்டோடு அவள் கையில் கொடுப்பேன். கண்ணாடி இல்லாமல் அத்தை படிக்க முடியாது, கட்டாயம் வருவாள்னு அவளுக்கு ஒரு கணக்கு.

முதலில் தெருவே அதிரக் கத்தினாள். "சொல்லிட்டு அழவுடறதுக்கு, சொல்லாமலே போவலாமில்ல?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாங்க. மறுநாளும் சொல்லிட்டுப் போனேன், திரும்பி வந்தேன். அப்படியே போகப்போக, ஒருநாள் அழாமல், "என்ன மீனு?" என்று கேட்டாள்.

அவளுக்கு அஞ்சு வயசாகப் போகிற கோடையில், கடலுக்குப் போகத் தடை இருந்த சமயம், தம்பி வந்திருந்தான். அவள் சாப்பிட அடம் பிடிச்சாள். "கடலக் கூப்புடவா?" என்றான். குழாயடியில் பொம்பளைங்க நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடி, "அந்த வார்த்தைய இனிமே என் வாசல்ல சொல்லாதடா" என்றேன். என் குரல் எனக்கே புதுசா இருந்தது. வீட்டுக்காரர்தான், "மச்சான், உக்காரு. அவ படிக்கிறத ஒரு பக்கம் கேளு. நானும் சிரிச்சவன்தான்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு பக்கம் படிச்சேன். தம்பி தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டான். "பள்ளிக்கூடம் சேக்குறப்ப பாக்கலாம்க்கா" என்று மட்டும் சொன்னான். அதுக்கப்புறம் தெருவில் கடல் மிரட்டல் நின்னுது. எதிர்வீட்டு அக்கா மட்டும் பூச்சாண்டியைத் திரும்பக் கூட்டிவந்தாங்க. அவங்களுக்கும் ஒரு பக்கம் படிச்சுக் காட்டினேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு மூணு பேரும் கூடப் போனோம். வாசல் முழுக்க அழுகை. நான் கண்ணாடியை நீட்டினேன். "வேணாம், நீயே வெச்சுக்க. படிக்கணுமில்ல," என்று திருப்பிக் கொடுத்தாள். தம்பிக்குத்தான் தாங்கலை. "அதோ காக்கா பாரும்மா" என்று கையைக் காட்டிட்டு மெல்லத் திரும்பினான். அவள் காக்காவைப் பார்க்கலை. அவன் சட்டையைப் பிடிச்சாள்.

"சொல்லிட்டுப் போப்பா. நான் அழமாட்டேன்."

கடலில் எத்தனையோ காத்தைப் பார்த்தவன், அங்கேயே குந்திட்டான். "சாயந்தரம் வரேன்மா" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவள் உள்ளே போயிட்டாள். சாயந்தரம் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அவன் வாசலில் நின்னான். ஹாஸ்டல் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அடுத்த மாசி மகத்துக்கு அப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கடலில் காலும் நனைச்சாள்.

புத்தகம் தெருவெல்லாம் சுத்தி அட்டை போயிடுச்சு. அதனால் பேர் சொல்லத் தெரியலை. "கோழிக்கு வேணாம், நமக்கு வேணும்" என்று வீட்டுக்காரரே எல்லார்கிட்டயும் கொடுத்தனுப்புறார். அவள் இப்போ அஞ்சாவது, நான் நிறுத்தின வகுப்பு. டீச்சரம்மா, நான் எழுதினதை அவளிடம் ஒரு தடவை படிச்சுக் காட்டிச் சரி பாருங்க. அவள் வேற மாதிரி சொன்னால், அதையே போட்டுக்குங்க.