கணவர் என்று அச்சிட்ட இடம்

“உங்கள் கணவர் வாரத்தில் எத்தனை நாள் மது அருந்துவார்?” என்று கேட்டேன்.

நாகம்மா ஆண்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நியூஸ் வாசிக்கிற மாதிரியே கேக்குற பாப்பா. குடிப்பாரான்னு கேளு.”

“சாரி ஆண்ட்டி. எத்தனை நாள் குடிப்பாரு?”

“ஏழு நாளும். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் சீக்கிரமா.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“ரெண்டு கேன் ஸ்டவுட். அதுக்கு மேல பிராந்தி, சின்ன பாட்டில்ல பாதி. மழை பெஞ்சா முக்கால்.”

“முதல் தடவை எப்ப?”

“காலையில, அரிசி கழுவுற நேரத்துல.”

“எங்கயாவது ஒளிச்சு வைப்பாரா?”

“வாஷிங் மெஷினுக்குப் பின்னால. சோப்புத்தூள் டப்பாவுக்குள்ள ஒண்ணு.”

“நிறுத்தப் பாத்திருக்காரா?”

“மூணு வாட்டி. ஒரு வாட்டி பதினோரு நாள். கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாம, சிங்க்குல குனிஞ்சு குழாயில வாய வச்சுத் தண்ணி குடிச்சது அப்பதான்.” என் தாளை எட்டிப் பார்த்தார். “என்ன, பாஸா?”

“இது டெஸ்ட் இல்ல ஆண்ட்டி.”

“அப்புறம் எதுக்கு இவ்ளோ வேகமா எழுதுற? மெதுவா எழுது. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன் லா.”

மூன்று ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த குடும்ப உதவி அமைப்பில் இந்த உரையாடல் நடந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்களின் மனைவியர் படும் மன அழுத்தத்தைப் பற்றிப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தது. நான் அதில் உதவியாளர். மூன்று மாதத்திற்கு ஒரு முறை, மொத்தம் மூன்று முறை, ஒவ்வொரு பெண்ணிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அன்று எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதுவரை பதினொரு பெண்களிடம் பேசியிருந்தேன். எவ்வளவு குடிப்பார் என்று கேட்டால், “வெளியில குடிச்சிட்டு வர்றவரை நான் அளந்தா பாத்தேன்?” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இப்படிக் கணக்காகச் சொன்னவர் நாகம்மா ஒருவர்தான். அலுவலகத்தில் அதைப் பெருமையாகவே சொன்னேன். அந்த வீட்டில் காலையில் அரிசி கழுவுகிறவர் யார் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னதில் அளவோ நேரமோ எதுவும் பொய் இல்லை. குடித்தவர் அவர் கணவர் அழகேசன் இல்லை, நாகம்மா. அது ஒன்றுதான் வேறு.

நாகம்மா பிறந்து வளர்ந்தது புக்கிட் மேராவில். பதினேழு வயதில் ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பூன் லேயில் இறங்கி, தொழிற்சாலை பேருந்துக்காக வரிசையில் நிற்கும் பெண்களில் தான்தான் உயரம் என்று இன்றும் சொல்லிக்கொள்வார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போகும் மின்சுற்றுப் பலகையில் ஈயம் உருக்கி வைக்கும் வேலை. கை அசையாமல் இருக்க வேண்டும். அவர் வரிசையில் தவறு குறைவு என்று இரண்டு முறை சான்றிதழ் கொடுத்தார்கள்.

மகள் கவிப்ரியா பிறந்தபோது மாமியார்தான் முதன்முதலாக ஸ்டவுட் வாங்கிவந்தார். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறும் என்று அந்தக் கறுப்பு பீரில் முட்டையை அடித்துக் கொடுப்பது அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். “மருந்துன்னுதான் கண்ண மூடிட்டுக் குடிச்சேன். முட்டை வாடை பிடிக்கல. அப்புறம் முட்டையை விட்டுட்டேன்” என்று நாகம்மா சிரித்தார்.

பல வருடங்கள் அது வாரத்திற்கு ஒன்று என்றே இருந்தது. அவருக்கு நாற்பத்து மூன்று வயதானபோது தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அதே சமயம் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒன்பது வருடம் நாகம்மா பார்த்துக்கொண்டார். தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஒரு கேன். மாமியார் இறந்த வருடமே மகள் திருமணமாகி ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போனாள். குடி கூடியது அதற்குப் பிறகுதான்.

“எல்லாரும் கவலையிலதான் குடிப்பாங்கன்னு உங்க பேப்பர்ல இருக்கு. எனக்குக் கவலை ஒண்ணும் இல்ல பாப்பா. வேலை முடிஞ்சு போச்சு. பத்து மணிக்கு எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் அந்த நாளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

அழகேசன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கிளமெண்டி வட்டாரத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி, மதியம் இறக்கிவிடுவார். தேநீருக்கு மேல் எதையும் குடித்து அறியாதவர். காலிப் பாட்டில்களைக் குப்பைக் குழாயில் போட்டால் பத்து மாடிக்கும் சத்தம் கேட்கும் என்று அவரே பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போடுவார். அதைப் பார்த்தவர்கள் அவர்தான் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் நாகம்மா ஸ்டவுட் வாங்கும் கடையிலும் கல்லாவில் இருந்த சீன மூதாட்டி “அங்கிளுக்கா? அங்கிளைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லு” என்பாராம். நாகம்மாவும் “சொன்னா கேக்கறாரா?” என்று தலையாட்டிவிட்டு வருவார்.

ஒருநாள் பகலில் நாகம்மா வீட்டு வாசல் நடைபாதையில் விழுந்து நெற்றியில் அடிபட்டது. கணவர் குடிக்கிற வீடு என்று பக்கத்து வீட்டார் அமைப்புக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மாலை வந்த சமூக ஊழியர், கதவைத் திறந்த அழகேசனிடமே கேட்டார்: “அங்கிள், நீங்க குடிப்பீங்களா?”

அன்று நடந்ததை அழகேசன் வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார். “திரும்பிப் பாத்தேன். அவ அடுப்படியில நெத்திக் கட்டோட நிக்கிறா. கையில கரண்டி. அந்தக் கரண்டி அப்படி ஆடுது. ஆமான்னு சொல்லிட்டேன்.”

“ஏன் அங்கிள்?”

“இல்லன்னு சொன்னா அடுத்த கேள்வி அவகிட்டதானே போகும்?”

அந்த அமைப்பில் வியாழக்கிழமைதோறும் குடிப்பவர்களுக்கு ஓர் அறையிலும், மனைவியருக்கு அடுத்த அறையிலும் கூட்டம் நடக்கும். தன் பெயரில் அழைத்தால் நாகம்மா அந்தப் படியில் கால் வைக்கமாட்டார் என்று அழகேசனுக்குத் தெரியும். “என் பேர்லன்னா வந்துட்டா. வந்தா காதுல ஏதாவது விழும்ல?” என்றார்.

அப்படித்தான் குடிக்காத மனிதர் குடிப்பவர்களின் அறையிலும், குடித்தவர் மனைவியரின் அறையிலும் உட்கார்ந்தார்கள். அழகேசன் அங்கே பொய் சொல்லவில்லை. அவர் முறை வரும்போது, “இந்த வாரம் குடிக்கல” என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த வெங்கடேஷ் என்பவர் மட்டும் அவரை விடமாட்டார். “அண்ணே, நிறுத்தின முதல் வாரத்துல எனக்கு செருப்பு மாட்ட முடியல. நீங்க என்னடான்னா கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. என்ன மாத்திரைண்ணே, எனக்கும் சொல்லுங்க.” தொண்ணூறு நாள் முடிந்ததும் பெயர் எழுதி ஓர் அட்டை கொடுத்தார்கள். வாங்கமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லியும் சட்டைப் பையில் செருகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

இரண்டாம் முறை கேள்வி கேட்க நான் புக்கிட் மேரா வீட்டுக்குப் போனபோது அந்த அட்டை அங்கே இருந்தது. வாரத்தில் எத்தனை நாள் என்றதற்கு நாகம்மா, “ஏழு நாளும்” என்றார். நான் அட்டையைப் பார்த்தேன். பிறகு தாளின் ஓரத்தில், ‘கணவர் குழுவில் பொய் சொல்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

“ஓரத்துல என்ன எழுதுற?”

“சும்மா ஒரு குறிப்பு ஆண்ட்டி.”

“அவரைப் பத்தியா?”

நான் பக்கத்தைத் திருப்பினேன். அவர் எழுந்துபோய், அட்டை ஒட்டியிருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல், குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

மனைவியரின் அறையில் அவருக்கு என்ன காதில் விழுந்தது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் சில வாரங்கள் மற்றவர்கள் திட்டும்போது தானும் சேர்ந்து திட்டியிருக்கிறார். “நல்லாத்தான் திட்டினேன். எனக்கே அவ மேல கோவம் வந்துச்சு” என்றார். அவள் என்று அவர் சொன்னது தன்னைத்தான். பிறகு ஒரு வியாழக்கிழமை கமலா என்ற பெண் பேசினார். கணவர் மதியம் படுத்துத் தூங்கும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பதாகவும், இருபது வருடமாக ஒரு கைக்குத் தூக்கமே இல்லை என்றும் சொன்னார். எல்லாரும் தலையசைத்தார்கள். நாகம்மாவுக்கு நினைவு வந்தது: பகல் தூக்கத்திலிருந்து கண் விழிக்கும்போதெல்லாம் அழகேசனின் முகம் மிக அருகில் இருக்கும். “என்னய்யா?” என்றால், “கொசு” என்பார். அன்றுவரை அவர் அதைக் கொசு என்றே நம்பியிருந்தார்.

அந்த வாரம் குடி குறைந்ததா என்று கேட்டேன். “கூடிச்சு” என்றார்.

செப்டம்பரில் ஒரு நாள், கிளமெண்டியிலிருந்து காய்கறி வாங்கத் தேக்காவுக்கு வந்த ஒரு தாய், தன் பிள்ளையின் பேருந்து ஓட்டுநர் அந்த மாடிப்படியில் ஏறுவதைப் பார்த்தார். படியோரத்துப் பலகையில் குடிப்பழக்கத்திற்கு உதவி என்று நான்கு மொழியில் எழுதியிருக்கும். மறுநாளே பெற்றோர்களின் கைப்பேசிக் குழுவில் அது பரவிவிட்டது. முதலாளி அழகேசனைத் திட்டவில்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று சொல்லி, பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார். நான் குடிப்பதில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே எதற்குப் போனாய் என்று கேட்பார்கள்.

வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. பத்து நாள் வழக்கம்போல் விடியும்முன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பூன் லே பேருந்து முனையத்தருகே உணவங்காடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்குத் திரும்பினார். பதினோராம் நாள் ஸ்டவுட் வாங்கப் போன நாகம்மாவிடம் அதே கல்லா மூதாட்டி, “அங்கிள் வேலை போயிடுச்சாமே, என் பேத்தி அந்த பஸ்ஸுலதான் போறா. நான்தான் அப்பவே குறைச்சுக்கச் சொன்னேனே” என்றார். நாகம்மா இரண்டு கேன்களையும் கல்லாவிலேயே வைத்துவிட்டு நடந்து வந்தார். நிறுத்தத்தில் பேருந்து வந்தும் ஏறவில்லை.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்து நிறுத்தினார். இரண்டு முறை வழுக்கினார். இப்போது ஓராண்டும் சில வாரங்களும் ஆகின்றன. அழகேசன் அந்தப் பள்ளிப் பேருந்துக்குத் திரும்பவில்லை. கூப்பிட்டார்கள், அவருக்குப் பிடிக்கவில்லை. முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறார். ஆய்விலிருந்து நாகம்மாவின் தாள்கள் நீக்கப்பட்டன. அடுத்த ஆய்வுக்கான தாளில், மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால், உங்கள் வீட்டில் குடிப்பவர் யார் என்று ஒரு கேள்வி சேர்த்தோம். அதை நான் முதலிலேயே கேட்டிருந்தால் அழகேசனின் சாவி போயிருக்காது என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள்.

நாகம்மா கேன்களைக் கல்லாவில் விட்டுவந்ததற்கு மறுநாள்தான் மூன்றாம் முறை நான் போகவேண்டிய நாள். எனக்கு எதுவும் தெரியாது. நாகம்மா தங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல் மேசையருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓட்டுநர் சட்டையுடன் அழகேசன். மேசையின்மேல் அந்தத் தொண்ணூறு நாள் அட்டை.

“பழைய பேப்பர் வச்சிருக்கியா?” என்றார்.

“அதெல்லாம் ஆபீஸ்ல ஆண்ட்டி. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு.”

“விடு நாகு, அந்தப் பொண்ணு பயப்படுது பாரு” என்றார் அழகேசன்.

“நீங்க சும்மா இருங்க. இத்தனை மாசம் பேசினது போதும்.” என் பக்கம் திரும்பினார். “புதுசு ஒண்ணு எடு பாப்பா. மொதல்லேர்ந்து கேளு. ஏழு நாளு, ரெண்டு கேனு, அரிசி கழுவுற நேரம், எல்லாம் அதேதான், ஒண்ணும் மாறல. கணவர்னு அச்சடிச்சிருக்குல்ல, அந்த எடத்துல எல்லாம் கோடு போட்டு அடிச்சுட்டு என் பேரை எழுது. நானே எழுதுவேன், கை ஒத்துழைக்க மாட்டேங்குது. இவரு பாத்துக்கிட்டு இருக்கும்போதே எழுது.”