மரக்காலின் பூட்ஸ்

நடக்க இயலாத ஓய்வூதியர் எழுதிக் கேட்டால், அலுவலர் அவர் வீட்டுக்கே வந்து பார்த்து உயிர்ச் சான்று தர வேண்டும் என்பது விதி. இன்று காலை பேரனின் பள்ளி ஷூவுக்காகப் பாலிஷ் டப்பாவைத் திறந்ததும் அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் செல்லூர் வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பாலிஷ் வாசனைதான். இப்போது அங்கே பைக்குகள் நிற்கின்றன. பர்மா சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த என் தாத்தா, சுற்றிலும் தறிகள் தடதடக்க, தினமும் கொல்லைக் கிணற்றடியில் உட்கார்ந்து, முதலில் மரக்காலின் பூட்ஸைத்தான் முகம் தெரியும்வரை தேய்த்துக்கொண்டிருப்பார்.

"கட்டைக்கு எதுக்கு மாமா இம்புட்டு மினுக்கு?" என்பார் பக்கத்து வீட்டுத் தறிக்காரர்.

"நான்தான்டா மாப்ள ரிட்டையர்டு. கட்டை இன்னும் சர்வீஸ்ல இருக்கு."

அலுவலரை வீட்டுக்கு வரச் சொல்லி தாத்தா கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. வருடா வருடம் ஓய்வூதிய அலுவலக மாடிப்படி ஏறினார். "நேர்ல வந்து நின்னாத்தான் பெரியவரே, உசுரோட இருக்கீகன்னு எழுத முடியும்" என்பார் அங்கிருந்த இளவயதுக் குமாஸ்தா, தலை நிமிராமலே. கடைசியாக ஏறியபோது படியிலேயே சாய்ந்தவர், எழவில்லை.

நான் அதே துறையில் தணிக்கை அதிகாரியானேன். அந்தக் குமாஸ்தா ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தாமதத்துக்கும் நேரில் வந்து நின்று விளக்கம் சொல்ல வைத்தேன். என் அறை மூன்றாவது மாடி. லிஃப்ட், விதிப்படி, அதிகாரிகளுக்கு மட்டும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தாத்தாவின் விண்ணப்பத்துக்கும் முறைப்படி பதில் வந்தது: அலுவலர் வீட்டுக்கு வருவார், ஓய்வூதியர் தயாராக இருக்கவும். அது வந்து சேர்ந்தது அவருடைய பதினாறாம் நாள் காரியத்தன்று.