கடிகாரம் ஓடிய பத்து நிமிஷம்

என் மாமாவால் சரிசெய்ய முடியாத பொருள் உலகத்தில் கிடையாது என்று ஒன்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனது.

மாமா, அம்மாவின் தம்பி. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஞாயிறானால் உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் கை சும்மா இருக்காது. எங்கள் மிக்சி, ரேடியோ, பக்கத்து வீட்டு அழைப்புமணி எல்லாவற்றையும் பிரித்து மாட்டியிருக்கிறார். அவற்றில் சில அதன்பிறகு ஓடவும் செய்தன.

அவர் தொடாமல் மிஞ்சியது அப்பாவின் கார் ஒன்றுதான். கறுப்பு நிறப் பழைய பிரெஞ்சு கார். கல்யாணங்களுக்கும், படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படும் சுற்றுலாக்காரர்களுக்கும் அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். டாஷ்போர்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கடிகாரம். நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. "அது ஓடலன்னா ஓடாம போவட்டும். டாஷ்போர்டுல எவனும் கைய வெக்கக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். 'எவனும்' என்று பொதுவாகச் சொன்னாலும் பார்வை மாமாவின் மேல்தான் இருந்தது.

அன்று காலாப்பட்டில் ஒரு சொந்தக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். மறுநாள் எனக்குப் பரீட்சை என்பதால் மாமாவைத் துணைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மாமா என் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"பாப்பா, உங்க அப்பா வர்றதுக்குள்ள அந்தக் கடியாரத்த ஓட வெக்கிறேன். மனுசன் வாயடைச்சுப் போய் நிக்கப் போறாரு பாரு."

வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் நின்றது. மாமா கடிகாரத்தை வெளியே இழுத்து, முன்சீட்டில் துணி விரித்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்னச் சுருள்வில் இருந்தது. அது தளர்ந்ததும் இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொடும். கரண்ட் பாய்ந்து, காயில் 'டக்'கென்று வில்லை மறுபடி முறுக்கிவிடும். இவ்வளவுதான் விஷயம் என்றார். முனைகள் கரி பிடித்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து, அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, வயரை முறுக்கி இணைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மெல்லிய டிக் டிக். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"உள்ளயே உக்காந்து கேளு. ரெண்டு நிமிசத்துக்கு ஒருதரம் டக்குங்கும். எத்தினி தரம்னு எண்ணி வை. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துட்றேன்." தெருச் சத்தம் கேட்காமல் இருக்கக் கார்க் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான்கு தடவை எண்ணினேன். ஐந்தாவது வரவில்லை. டிக் டிக்கும் நின்றுபோனது. வயரில் தொங்கிக்கொண்டிருந்த கடிகாரத்தின் பக்கம் காதைக் கொண்டுபோனேன். காதுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது. ரப்பர் கருகும் வாடை. அதன் இடுக்கிலிருந்து நூல்போல வெள்ளைப் புகை எழுந்தது. பிறகு நூல் தடித்தது.

கதவின் கைப்பிடியை இழுத்தேன். அது லொடலொடவென்று ஆடியது, கதவு திறக்கவில்லை. அந்தக் காரில் அப்பா உட்காரும் பக்கத்தைத் தவிர எந்தக் கதவும் உள்ளேயிருந்து திறக்காது. கல்யாண வீடுகளில் அப்பா இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவார். மணமக்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பா பக்கத்துக் கதவுக்குத் தாவினேன். ஸ்கூட்டருக்கு இடம் வேண்டும் என்று காரை அந்தப் பக்கச் சுவரோடு ஒட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கதவு சுவரில் இடித்து நின்றது. கண்ணாடியை இறக்கும் பிடி பெரியவர்களுக்கே மல்லுக்கட்டும். என் கைக்கு அசையவே இல்லை.

"மாமா!" என்று கத்தினேன். இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அறைந்தேன். ஷெட்டின் வாசலில் தெரு வெளிச்சம் தெரிந்தது. ஒரு சைக்கிள் போனது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தக் கத்தப் புகை வாய்க்குள் போய் இருமல் வந்தது. சத்தமும் வராமல் போனது. கார் முழுக்கப் பற்றிக்கொள்ளப் போகிறது, பெட்ரோல் இருக்கிறது, நான் சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: அப்பா வந்து, டாஷ்போர்டைத் தொட்டது யார் என்று கேட்கப்போகிறார். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

கடிகாரத்தைப் பிடித்து இழுத்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது. விட்டுவிட்டேன். அழுதுகொண்டே பாவாடையைச் சுருட்டிப் பிடித்து மறுபடி இழுத்தேன். மாமா முறுக்கியிருந்த வயர் பிய்த்துக்கொண்டு வந்தது. அதற்குமேல் புகை வரவில்லை. வந்த புகை போகவும் இல்லை. கால் வைக்கும் இடத்தில் துருப்பிடித்து ஒரு ஓட்டை இருந்தது. குப்புறப் படுத்து அதில் மூக்கை வைத்துக்கொண்டேன். கீழே சிமெண்டுத் தரையும் ஒரு எறும்பு வரிசையும் தெரிந்தன.

மாமா எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார். பாட்டு பாதியில் நின்றது. கதவு திறந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியவர், தெருவில் நின்று என் கைகால்களையும் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லிடாதடா. என்னக் கொன்னே போட்டுடுவாரு."

என் விரல்களில் பற்பசையைத் தடவிவிட்டு, கடிகாரத்தை அதன் குழியில் செருகினார். ஷெட்டில் டேபிள் ஃபேனைப் போட்டார். வாடை போகாததால் சாம்பிராணியும் போட்டார்.

மதியம் அம்மா வந்து இறங்கியதும் மூக்கைச் சுளித்தாள். "கார் ஷெட்டுல எதுக்குடா சாம்பிராணி?"

"கொசுவுக்குத்தான்க்கா" என்றார் மாமா. சாப்பிடக்கூட நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் விரல் கொப்பளத்துக்கு இஸ்திரிப்பெட்டி என்று பொய் சொன்னேன். அப்பா களிம்பு தடவினார். அன்றெல்லாம் அவர் எழுந்தால் பயம், உட்கார்ந்தால் பயம், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பயம்.

மறுநாள் காலை அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கண்ணாடியை வெளியே துடைத்தார். மறுபடி துடைத்தார். அழுக்கு போகவில்லை போலிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, கண்ணாடியின் உட்பக்கத்தில், நான் அறைந்த இடத்தின்மேல், தன் விரித்த கையை மெதுவாக வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், நான் தொலைந்தேன் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் வந்த ஒரு கல்யாண வாடகையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து, கதவுகளின் உள்பலகைகளைக் கழற்றி இரண்டு நாள் வேலை செய்தார். கடிகாரம் இருந்த ஓட்டையைக் கறுப்புத் தகடு வைத்து மூடினார். பிறகு காரைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள ஏறு."

ஏறினேன். கதவைச் சாத்தினார். என்னை மறுபடி உள்ளே பூட்டித் தண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன். பத்தடி தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"தொறந்துகிட்டு வெளில வா."

கைப்பிடியை இழுத்தேன். கதவு திறந்துகொண்டது. இறங்கினேன்.

"அடுத்த கதவு."

நான்கு கதவுகள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை திறந்து வரச் சொன்னார். கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கச் சொன்னார். அவர் குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது. நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நேரத்தில் ஒருதடவைகூட அவர் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காத அளவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று, அதன்பிறகும் பல வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.