பிளீச்சிங் துணியும் பால்கோவாப் பெட்டிகளும்

ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஓர் ஆலையில் நான் சூப்பர்வைசர். கிருமியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்புதான் நாலு மாதம் என்னை ஆட்டி வைத்தது.

கல்யாணம் நிச்சயமாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வேலையாக வெளியூர் போன இடத்தில், பழக்கமான ஒரு பெண்ணோடு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்துவிட்டேன். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, புத்தி கெட்டது எனக்குத்தான். நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே சிறுநீர் போகும்போது எரிய ஆரம்பித்தது. பால்வினை நோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் இதைக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஊரிலேயே ஒரு லேப் உண்டு. ஆனால் ரத்தம் எடுப்பவர் என் சித்தப்பாவோடு தினமும் டீ குடிக்கிறவர். அதனால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். எரிச்சல் நிற்கவில்லை. மறுபடி போனேன், மறுபடியும் ஒன்றுமில்லை. நாலாவது தடவை லேபில் வேலை பார்க்கும் பெண்மணி என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமலே சிறுநீர் டப்பாவை எடுத்து நீட்டினார்.

வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே என்று போகும்போதெல்லாம் பால்கோவா வாங்கி வந்தேன். அதை அப்பா ஒருவருக்கும் மிச்சம் வைக்கவில்லை. கல்யாணத் தேதி பேச்சு வந்தபோதெல்லாம் ஆலையில் வேலை அதிகம் என்றேன், கிரகம் சரியில்லை என்றேன். ஜாதகம் என்றாலே சிரிக்கிற நான் கிரகம் பேசியதும் அம்மா சுதாரித்துக்கொண்டாள்.

"ஏலே, உண்மையச் சொல்லு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேற எவளும் இருக்காளா?"

டப்பா நீட்டிய லேப் பெண்மணிதான் நினைவுக்கு வந்தார். யாருமில்லை என்று சத்தியம் செய்தேன்.

கடைசியில் அதே ஊரில் ஒரு டாக்டரம்மாவிடம் ரிப்போர்ட்டுகளை எல்லாம் பரப்பினேன். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். அந்தச் சம்பவம் நடந்து எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டு, நோய் ஒன்றும் இல்லை, இனி சந்தேகப்படவும் வேண்டாம் என்றார். அப்புறம் அந்த இடத்தை எப்படிச் சுத்தம் செய்கிறேன் என்று கேட்டார்.

எனக்குப் பெருமையாகிவிட்டது. வெளுக்கும் மருந்து கலந்த பிளீச்சிங் தொட்டியிலிருந்து வந்த பேண்டேஜ் துணியை, அலசப் போவதற்கு முன்பே ஆலையில் வெட்டி எடுத்து வந்து, ஜட்டிக்குள் மடித்து வைத்துக்கொள்கிறேன் என்றேன். அதில் ஒரு கிருமி உயிரோடு இருக்காது என்றும் விளக்கினேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மொதல்ல எரிஞ்சது தண்ணி குடிக்காததால இருக்கும். பொறவு எரிஞ்சதெல்லாம் நீங்களா வச்சுக்கிட்டது. அந்த மருந்து பட்டா தோல் வேகாம என்ன செய்யும்?"

துணியை நிறுத்தினேன், தண்ணீர் குடித்தேன். பத்து நாளில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அந்தப் பத்து நாளுக்குள் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்து டெஸ்ட் எடுத்ததில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. ஒன்றுமில்லாத எனக்கு நாலு டெஸ்ட், அவருக்கு முதல் டெஸ்டிலேயே மாத்திரை.

இனி மறைக்கக் கூடாது என்று, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் போன் செய்தேன். வெளியூரில் நடந்ததில் தொடங்கி துணி, டாக்டரம்மா, பால்கோவா வரை ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பாள், இல்லையென்றால் வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"தேதியத் தள்ளித் தள்ளிப் போட்டீகளே, என்கிட்டதான் ஏதோ கொறைன்னு நெனச்சேன்," என்றாள். "நாலு மாசமா கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன்."

இத்தனை நாளும் என் எரிச்சலைத் தவிர நான் எதையுமே நினைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. எங்கப்பாகிட்ட நீங்களே தேதியச் சொல்லுங்க," என்றாள். "பால்கோவா வாங்கிட்டு வராதீக. எங்கப்பாவுக்கும் சர்க்கரை."

மறுநாள் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.