பிரார்த்தனையில் குந்திய தங்கை

சிலோனிலிருந்து குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, எங்களைத் திட்டும் உரிமை ஊரில் எல்லோருக்கும் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அதைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டார்.

என் தங்கைக்கு நாலடி மேடு ஏறினாலே மூச்சு இரைக்கும். உடனே முழங்கால்களை மார்போடு ஒட்டிக் குந்திவிடுவாள். சற்று நேரத்தில் தானாக எழுந்து நடப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. காலைப் பிரார்த்தனையிலும் அப்படித்தான் குந்துவாள். வாத்தியாருக்கு அது சிலோன் சோம்பேறித்தனம். நீலம் பாரித்த அவள் உதட்டைப் பார்த்து, உதட்டில் கறை படிய வழியெல்லாம் காட்டுத் தவிட்டுப்பழம் தின்றுகொண்டு வருகிறாள் என்று இன்னொரு குற்றமும் சேர்த்தார். அது தவிட்டுப்பழம் பழுக்கிற மாதமே இல்லை.

ஒருநாள், "எந்திரிச்சு நில்லு புள்ள. இது உங்க சிலோன் தோட்டத்து லயத்து வீடில்ல" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பாட்டு முடிவதற்குள் அவள் சுருண்டு விழுந்தாள்.

ஊட்டியில் ஒரு டாக்டர் இதயத்தை வரைந்து காட்டினார். நான்கு அறைகள். கீழறை இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாய் பிறவியிலேயே குறுகல். அதனால் கெட்ட ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது, அந்த நீலம்தான் உதட்டில் தெரிகிறது என்றார். குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும், தடுக்காதீர்கள் என்றும் சொன்னார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மா அப்பாவிடம் வெகுநேரம் பேசினார்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தாள். "ஐயா, புள்ள குந்துறது சோம்பேறித்தனம் இல்லீங்க. குந்துனாத்தான் அதுக்கு மூச்சு வருது" என்றாள். வாத்தியார் வருத்தம் தெரிவிப்பார் என்று காத்திருந்தேன். "அதுக்கென்னங்க, உக்காரட்டுங்க" என்றார், ஏதோ தன் சொத்தில் பங்கு கொடுப்பவர்போல. அம்மா அவரைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதன்பின் அவர் தங்கையைத் திட்டவே இல்லை. கணக்குப் போடாமல் வந்தாலும் சிரித்தார். அதே குற்றத்துக்கு எனக்குப் பிரம்படி விழுந்தது. வீட்டிலும் இதே அநியாயம். அவள் பாலைக் கொட்டினால் அப்பா தலையைத் தடவினார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அவள மட்டும் ஏம்மா யாரும் ஏசுறதில்ல?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

வளர்ந்து ஆளாவாள் என்று நம்புகிற பிள்ளையைத்தான் பெரியவர்கள் ஏசுவார்கள். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.